ஆலங்காயம் மலைப்பாதை: வழிகாட்டியோடு ஒரு நாள் பயணம் வந்த வரலாறு

ஆலங்காயம் ஜவ்வாது மலையின் மேற்கு அடிவாரத்தில் இருக்கும் பேரூர். வாணியம்பாடியிலிருந்து தெற்கே வரும் சாலை இங்கே மலையைத் தொடுகிறது. கிழக்கே ஜவ்வாது மலைத்தொடர், மேற்கே தள்ளி ஏலகிரி, இரண்டுக்கும் நடுவில் பள்ளத்தாக்கு. காலையில் இங்கிருந்து ஒரு காரில் ஏறி, காவலூர் வழியாக ஜமுனாமரத்தூர் வரை போய், அருவியும் ஏரியும் கல்திட்டைகளும் பார்த்துவிட்டு இருட்டியதும் இறங்கிவிடுவது இப்போது பலரும் மேற்கொள்ளும் பயணம். காரை ஓட்டுபவரோ, மலையில் ஏற்றிக்கொள்ளும் உள்ளூர்ப் பையனோ வழி சொல்லிக்கொண்டு வருவார். பார்வைக்கு இது புதிய பழக்கம். ஆனால் வழி தெரிந்த ஒருவரை முன்னால் விட்டுப் பின்னால் ஏறுவதும், பெரும்பாலும் அன்றைக்கே இறங்கிவிடுவதும் இந்த மலைக்குப் பழகிப்போனவை. சாலைக்கு முன்பே வழிகாட்டி இருந்தார்.

ஜவ்வாது மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு துண்டு. ஏறக்குறைய 80 கிலோமீட்டர் நீளம், 32 கிலோமீட்டர் அகலம். செய்யாறும் அதன் கிளைகளும் இதன் நடுவே பள்ளம் பறித்துக்கொண்டு ஓடுகின்றன. காவலூர் நிற்பது கடல்மட்டத்திலிருந்து 725 மீட்டர் உயரத்தில். ஊட்டி, கொடைக்கானலோடு ஒப்பிட்டால் இது உயரமே இல்லை. குளிரும் அந்த அளவுக்கு இல்லை. வெள்ளைக்கார அதிகாரிகள் கோடை வாசத்துக்கு இதைத் தேர்ந்தெடுக்காமல் போனதற்கு அது ஒரு காரணம். மற்றொரு காரணம் காய்ச்சல். அதைப் பின்னால் பார்க்கலாம்.

இந்த மலைப்பக்கத்துக்கு வழி சொல்லும் நூல் சங்க காலத்திலேயே உண்டு. பத்துப்பாட்டில் கடைசியாக வைக்கப்பட்டுள்ள மலைபடுகடாம், செங்கண்மாவை ஆண்ட நன்னன் சேய் நன்னனைப் பாடியது. இரணியமுட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் இயற்றியது, 583 அடி. செங்கண்மா என்பது இன்றைய செங்கம். ஜவ்வாது மலையின் தெற்கு அடிவாரத்தில், மலையிலிருந்து இறங்கிவரும் செய்யாற்றின் கரையில் இருக்கிறது. பரிசு பெற்றுத் திரும்பும் ஒரு கூத்தர், எதிரே வரும் மற்றொரு கூத்தர் கூட்டத்துக்கு நன்னனிடம் போகும் வழியைச் சொல்வதாகப் பாட்டு அமைந்திருக்கிறது. மன்னனைப் புகழ்வதுதான் நோக்கம் என்றாலும் பாட்டின் பெரும்பகுதி பாதையைப் பற்றியதே.

அந்தக் கூத்தர் சொல்லும் யோசனைகள் நடந்து பார்த்தவர் சொல்பவை. தினைப்புனத்தின் ஓரத்தில் காட்டுப்பன்றியைப் பிடிக்கப் பொறி வைத்திருப்பார்கள். இருட்டில் அந்தப் பக்கம் போகாதீர்கள், விடிந்த பிறகு போங்கள். புனம் காப்பவர்கள் யானையை விரட்டக் கவண்கல் வீசுவார்கள். மரத்தின் மறைவில் ஒதுங்கிப் போங்கள். வழுக்கும் இடத்தில் கொடியையும் வேரையும் பிடித்துக்கொண்டு இறங்குங்கள். வழி இரண்டாகப் பிரியும் இடத்தில், பின்னால் வருபவர்கள் தவறிவிடாதபடி புல்லை முடிந்து அடையாளம் வைத்துவிட்டுப் போங்கள். மலைக்காரர்களே திசை தடுமாறும் இடமும் உண்டு. அங்கே வழி தவறினால் அகன்ற பாறையில் எல்லாரும் கூடி அமர்ந்து வாத்தியங்களை வாசியுங்கள், ஓசை கேட்டுக் கானவர் வந்து வழியும் காட்டிப் பழமும் தருவார்கள். எந்தச் சீறூரில் என்ன சாப்பாடு கிடைக்கும் என்ற குறிப்பும் விடாமல் வருகிறது. மூங்கிலரிசி, தினை, தேன், கிழங்கு, இறைச்சி என்று அந்தப் பட்டியல் நீளம். இன்று அச்சாகும் பயணக் கையேடுகளில் பாதிக்கு மேல் இவ்வளவு உபயோகமானவை அல்ல. வழிநடையில் எதிர்ப்படும் நடுகற்களையும் பாட்டு மறக்கவில்லை.

நடுகற்கள் பாட்டோடு நின்றுவிடவில்லை. செங்கம் வட்டாரத்தில் கிடைத்த கல்வெட்டுள்ள நடுகற்களைத் தொகுத்துத் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 1972-இல் ‘செங்கம் நடுகற்கள்’ என்ற நூலாக வெளியிட்டது. பல்லவர் காலத்து மன்னர்களின் ஆட்சியாண்டைக் குறிப்பிட்டு, ஆநிரை கவர்தலிலும் மீட்டலிலும் பட்ட வீரர்களின் பெயரைச் சொல்லும் கற்கள் அதில் நிறைய. மாடு ஓட்டிக்கொண்டு போகும் கும்பலும் அதைத் துரத்திக்கொண்டு போகும் கும்பலும் இந்த அடிவாரப் பாதைகளையெல்லாம் மிதித்திருக்கின்றன. பாதைகளின் பழமைக்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை.

நடுகற்களுக்கும் முந்தியவை கல்திட்டைகள். ஜவ்வாது மலைமேல் கீழ்சேப்பிளி போன்ற இடங்களில் பலகைக் கற்களை நான்கு பக்கமும் நிறுத்தி மேலே மூடுகல் வைத்துக் கட்டிய பெருங்கற்கால ஈமச்சின்னங்கள் கூட்டமாக நிற்கின்றன. மலைமக்கள் அவற்றை வாலியர் வீடு என்கிறார்கள். முன்னொரு காலத்தில் குள்ளமான வாலியர் என்ற மக்கள் அவற்றில் குடியிருந்தார்கள் என்பது கதை. இறந்தவர்களுக்குக் கட்டிய இடத்தை உயிருள்ளவர்களின் வீடாகச் சொல்லும் வழக்கம் தமிழகத்தின் வேறு மலைகளிலும் உண்டு. சில இடங்களில் அது பாண்டவர் வீடு ஆகும். வழிகாட்டிகள் இன்றும் அங்கே நிறுத்தி இந்த வாலியர் கதையைத்தான் முதலில் சொல்கிறார்கள். ஆராய்ச்சி விளக்கம் இரண்டாவதாக வருகிறது, அதுவும் கேட்டால்தான்.

மலையில் இப்போது வாழும் மக்களில் பெரும்பாலோர் மலையாளி என்று அரசுப் பட்டியலில் இருக்கும் பழங்குடியினர். கேரளத்தோடு இவர்களுக்குச் சம்பந்தம் இல்லை. மலையை ஆள்பவர், மலையில் இருப்பவர் என்பதே பொருள். பேச்சு தமிழ். முன்னோர் காஞ்சிபுரத்துக் காரைக்காட்டு வெள்ளாளர் என்பது அவர்களின் வழிவழிக் கதை. கங்குந்தி வேடர்கள் காஞ்சிப் பெண்களைக் கவர்ந்துகொண்டு போக, மீட்கப் புறப்பட்ட ஆண்கள் நாய்களையும் கூட்டிச் சென்றார்களாம். நாய்கள் மட்டும் திரும்பி வந்தால் தாங்கள் இறந்துவிட்டதாக எடுத்துக்கொள்ளும்படி மனைவிமாரிடம் சொல்லியிருந்தார்கள். பாலாற்றில் வெள்ளம், நாய்கள் மிரண்டு வீட்டுக்கு ஓடிவிட்டன. வேடர்களை வென்று திரும்பியவர்களுக்கு வீட்டில் கருமாதியே முடிந்திருந்தது. ஊரில் இடம் இல்லாமல் போனவர்கள் ஜவ்வாது மலை ஏறி அங்கேயே தங்கிவிட்டார்கள் என்று கதை முடிகிறது. வட ஆற்காடு மாவட்டக் கையேட்டை எழுதியவர்களும், 1909-இல் தென்னிந்தியச் சாதிகளையும் குடிகளையும் தொகுத்து வெளியிட்ட எட்கர் தர்ஸ்டனும் இதைப் பதிவு செய்திருக்கிறார்கள். இதை வரலாறாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் சமவெளியை விட்டு மலைக்கு ஏறி வந்தோம் என்ற நினைவு அவர்களிடம் ஆழமாக இருப்பதை அது காட்டுகிறது.

மலை ஊர்கள் நாடுகளாகப் பிரிந்திருந்தன. புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு என்ற பெயர்கள் இன்றும் ஊராட்சிப் பெயர்களாக நிலைத்துவிட்டன. ஒவ்வொரு நாட்டுக்கும் தலைவர், ஊருக்கு ஊர்க்கவுண்டர். வெளியாள் ஒருவர் மலைக்குள் வந்தால் ஊர்த்தலைவரைப் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும். அவர்தான் அடுத்த ஊர் வரை துணைக்கு ஆள் அனுப்புவார். அந்த ஆள் அடுத்த ஊரில் ஒப்படைத்துவிட்டுத் திரும்பிவிடுவார். மலையில் பழைய வழிகாட்டுதல் இப்படி ஊர்விட்டு ஊர் கைமாறி நடந்தது.

படைகள் இந்த மலையைச் சுற்றித்தான் போயின, ஏறவில்லை. அன்று கர்நாடகம் எனப்பட்ட ஆற்காட்டுச் சமவெளியிலிருந்து மலைக்கு மேற்கே உள்ள பாராமகால் பகுதிக்குப் போக வடக்கே பாலாற்றுப் பள்ளத்தாக்கு, தெற்கே செங்கம் கணவாய் என்று இரண்டு வாசல்கள் உண்டு. 1767 செப்டம்பரில் கர்னல் ஸ்மித்தின் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையும் மைசூரின் ஐதர் அலியின் படையும் மோதியது செங்கத்தில். 1780-இல் ஐதர் கர்நாடகத்துக்குள் பாய்ந்ததும் செங்கம் கணவாய் வழியாகவே. 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் பாராமகால் கம்பெனிக்கு வந்தது. கேப்டன் அலெக்சாண்டர் ரீடு திருப்பத்தூரில் இருந்துகொண்டு நிர்வாகம் செய்தார். தாமஸ் மன்றோ அவருக்குக் கீழே பணிபுரிந்தவர். ரயத்துவாரி முறை இந்தப் பகுதியில்தான் உருவெடுத்தது. நிலத்தை அளந்து வரி போடும் அந்த முறைக்கு, கொத்துக்காடு வெட்டி இடம் மாற்றி மாற்றிச் சாமை விதைத்த மலைக்காரர்கள் சரியாக அடங்கவில்லை. திருப்பத்தூர் தாலுகா வெகுகாலம் சேலம் மாவட்டத்தில் இருந்து, 1911-இல்தான் வட ஆற்காட்டோடு சேர்ந்தது. மலையின் ஒரு பாதி ஒரு மாவட்டத்திலும் மறு பாதி மற்றொன்றிலும் இருப்பது இன்றைய ஏற்பாடு மட்டுமல்ல.

சமவெளி மலைக்குள் உண்மையாகக் கை நீட்டியது ரயில் வந்த பிறகு. 1856-இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா வரை ஓடிய வண்டி, அடுத்த சில ஆண்டுகளில் ஆம்பூர், வாணியம்பாடி வழியாக ஜோலார்பேட்டையை எட்டிவிட்டது. தண்டவாளத்துக்குக் கட்டையும் எஞ்சினுக்கு விறகும் வேண்டியிருந்தன. வட ஆற்காடு, சேலம் மலைகளின் காடுகள் அந்தப் பசிக்கு இரையாயின. அதே 1856-இல் சென்னை மாகாண வனத்துறை தொடங்கி, ஹியூ கிளெக்ஹார்ன் அதன் தலைவர் ஆனார். மரம் வெட்டும் வேகத்தைப் பார்த்து எச்சரித்தவர்களில் அவர் ஒருவர். 1882-இல் சென்னை வனச் சட்டம் வந்தது. காப்புக்காடுகள் எல்லை போடப்பட்டன. கொத்துக்காட்டுக்குத் தடை வந்தது. மலைக்காரர்களின் நடைபாதைகள் பலவும் அரசின் காட்டுக்குள் போய்விட்டன. தன் ஊருக்குப் போகும் வழியில் தானே அந்நியராகும் நிலை அன்றைக்கு ஏற்பட்டது.

வாணியம்பாடி, ஆம்பூர் தோல் பதனிடும் தொழில் மற்றொரு பாதையைத் திறந்தது. தோல் பதனிட ஆவாரம்பட்டையும் கடுக்காயும் வேண்டும். ஜவ்வாது மலையில் கடுக்காய் மரம் நிறைய. அறுவடைக் காலத்தில் வியாபாரிகள் முன்பணம் கொடுத்து மரத்தைப் பிடித்துக்கொள்வார்கள். கடுக்காயும் புளியும் பலாவும் தேனும் தலைச்சுமையாக அடிவாரம் வந்து வண்டி ஏறும். எடையில் ஏமாற்று, முன்பணத்தில் வட்டி என்பது மலைக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொன்ன புகார். பின்னால் பழங்குடியினருக்கான பெரும்பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் வந்தது இதற்குப் பதிலாகத்தான். அவற்றால் முன்பணக் கட்டு தளர்ந்தது, அறுந்துவிடவில்லை.

இனி காய்ச்சல். 19-ஆம் நூற்றாண்டுப் பதிவுகளில் ஜவ்வாது மலை காய்ச்சல் மலையாகவே வருகிறது. மலையில் ஓர் இரவு படுத்தால் காய்ச்சல் பிடிக்கும் என்ற பயம் அதிகாரியிலிருந்து வண்டிக்காரர் வரை இருந்தது. கொசுதான் காரணம் என்று 1897-இல் ரொனால்டு ராஸ் செகந்திராபாத்தில் கண்டுபிடிக்கும் வரை மலைக்காற்றையும் மலைத்தண்ணீரையும் குறை சொன்னார்கள். காரணம் தவறானாலும் முடிவு சரியாகவே இருந்தது: மலேரியாக் கொசு இரவில்தான் கடிக்கும், இருட்டுவதற்குள் இறங்கியவர் தப்பித்தார். விடியலில் ஏறி, வேலையை முடித்து, பொழுது சாய்வதற்குள் அடிவாரம் சேர்வது என்ற வழக்கத்துக்கு இந்தப் பயம் பெரிய காரணம் என்று கொள்ளலாம். அளவுக்காரரும் வனக்காவலரும் கடுக்காய் வியாபாரியும் அப்படித்தான் நடந்திருக்க வேண்டும். தங்கியே ஆக வேண்டியவர்களுக்கு வனத்துறை ஓய்வு விடுதிகள் வந்தன. நாடு சுதந்திரம் அடைந்து, 1953-இல் தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கி டி.டி.டி. தெளித்த பிறகே அந்தப் பயம் விலகியது. அதுவரை ஒரு நாள் பயணம் என்பது உல்லாசமல்ல, தற்காப்பு.

எதிரே நிற்கும் ஏலகிரிக்கும் மோட்டார் பாதை போடும் வரை கால்நடைதான். பெங்களூர் வேட்டைக்காரர் கென்னத் ஆண்டர்சன் 1957-இல் வெளியிட்ட புத்தகத்தில் ஏலகிரியின் ஆட்கொல்லிச் சிறுத்தையைப் பற்றி ஒரு கதை எழுதியிருக்கிறார். அவருடைய கதைகளில் எங்கும் போல அங்கும் பாதை காட்டுவதும் தடம் பார்ப்பதும் உள்ளூர்க்காரர்களே. துப்பாக்கி மட்டும் துரையுடையது. பிறகு ஏலகிரிக்குப் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளோடு சாலை வந்தது, வளைவுகளுக்குப் புலவர்களின் பெயரும் வள்ளல்களின் பெயரும் வைத்தார்கள். அது சுற்றுலா ஊராகிவிட்டது. ஜவ்வாது மலை அப்படி ஆகவில்லை. இங்கே சாலைகள் வந்தது வேறு காரணங்களுக்காக.

ஒன்று சந்தனம். ஜவ்வாது மலைச் சந்தனத்துக்கு இந்தியச் சந்தையில் தனிப் பெயர் உண்டு. வெட்டி இறக்கிய மரம் திருப்பத்தூர் அரசு சந்தனமரக் கிடங்குக்குப் போய், தரம் பிரித்து ஏலம் விடப்படும். பட்டா நிலத்தில் முளைத்த சந்தனமும் அரசுக்கே சொந்தம் என்ற நிலை நீண்டகாலம் இருந்தது. 2002-இல்தான் தமிழ்நாடு அதை மாற்றியது. அதனால் வீட்டுக் கொல்லையில் சந்தனக்கன்று தலைகாட்டினால் பிடுங்கி எறிந்துவிடுவார்கள் என்ற பேச்சு இந்தப் பக்கத்தில் சாதாரணம். கடத்தல் பெருகியது. 1980-களிலும் 90-களிலும் மலைச் சந்தனம் பெரும்பாலும் தீர்ந்தது. பாதையும் மரமும் தெரிந்த மலைக்காரரை வனத்துறையும் தேடியது, கடத்தல்காரரும் தேடினார். இருவருக்கும் வேண்டியது ஒரே அறிவு. கூலி எது அதிகமோ அந்தப் பக்கம் சிலர் போனார்கள். சந்தனம் தீர்ந்த பிறகு அந்த மரவெட்டுத் திறமையைத் தரகர்கள் ஆந்திரச் செம்மரக் காட்டுக்குக் கொண்டுபோனார்கள். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரக் காவல் படை சுட்டுக்கொன்ற 20 பேரும் தமிழ்நாட்டுக் கூலித் தொழிலாளர்கள். ஜவ்வாது மலையையும் அதை ஒட்டிய ஊர்களையும் சேர்ந்தவர்கள் அவர்களில் பலர். மலையின் வழிகாட்டி வரலாற்றில் இதை விட்டுவிட்டு அருவியைப் பற்றி மட்டும் பேசுவது நேர்மையாகாது.

மற்றொரு காரணம் வானம். சென்னையில் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கம்பெனி அமைத்த வானாய்வகம், 1899-இல் கொடைக்கானலுக்கு மாறியது. சூரியனை ஆராயக் கொடைக்கானல் நல்ல இடம். இரவில் விண்மீன் பார்க்க மேகம் விடாது. 1960-இல் கொடைக்கானல் ஆய்வகத்தின் இயக்குநராக வந்த எம்.கே. வைணு பாப்பு, இரவு ஆய்வுக்குத் தென்னிந்தியாவில் இடம் தேடினார். நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருந்தால் வட வானத்தையும் தென் வானத்தின் பெரும்பகுதியையும் ஒரே இடத்திலிருந்து பார்க்கலாம். தெளிந்த இரவுகள் நிறைய வேண்டும், நகர வெளிச்சம் கூடாது. ஜவ்வாது மலையில் காவலூர் இவற்றுக்கு ஒத்துவந்தது. ஏறக்குறைய 12½ பாகை வட அகலாங்கு. காட்டுக்கு நடுவே சுமார் 100 ஏக்கர்.

1968-இல் கொடைக்கானல் பட்டறையிலேயே செய்த 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியோடு வேலை தொடங்கியது. 1972-இல் கிழக்கு ஜெர்மனியின் யேனா நகரத்து கார்ல் சைஸ் நிறுவனத்தின் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. மாட்டுவண்டியும் தலைச்சுமையும் போதும் என்றிருந்த மலைக்கு இப்போது கண்ணாடியும் இரும்பும் குவிமாடப் பாகங்களும் ஏற வேண்டும். அதற்கேற்ற சாலை வேண்டும், மின்சாரம் வேண்டும். தொலைநோக்கி வந்த சூட்டோடு பலனும் வந்தது. 1972 ஜூன் 7 அன்று வியாழனின் துணைக்கோளான கானிமீடு ஒரு விண்மீனை மறைத்தபோது, காவலூரிலும் இந்தோனேசியாவின் லெம்பாங்கிலும் எடுத்த அளவீடுகள் அந்தத் துணைக்கோளுக்கு மெல்லிய வளிமண்டலம் இருக்கலாம் என்று காட்டின. 1977 மார்ச் 10 இரவு யுரேனஸ் ஒரு விண்மீனைக் கடந்தது. அதற்கு வளையங்கள் உண்டு என்று கண்டறிந்த பெருமை அமெரிக்காவின் கைப்பர் பறக்கும் ஆய்வகத்துக்குப் போயிற்று. ஆனால் அதே இரவில் காவலூரில் ஜே.சி. பட்டாச்சார்யாவும் குப்புசாமியும் எடுத்த பதிவிலும் அந்த வளையங்களின் தடம் விழுந்திருந்தது.

பெரிய தொலைநோக்கியை இந்தியாவிலேயே செய்வது பாப்புவின் கனவு. 2.34 மீட்டர் விட்டமுள்ள கண்ணாடியைத் தேய்ப்பதிலிருந்து குவிமாடம் வரை இங்குள்ள பொறியாளர்களே செய்தார்கள். அவர் அதைப் பார்க்கவில்லை. சர்வதேச வானியல் ஒன்றியத்தின் தலைவராக இருந்த நிலையில் 1982 ஆகஸ்ட் 19 அன்று மியூனிக்கில் இறந்துவிட்டார். 1986 ஜனவரி 6 அன்று பிரதமர் ராஜீவ் காந்தி காவலூர் வந்து ஆய்வகத்துக்கும் தொலைநோக்கிக்கும் வைணு பாப்பு பெயரைச் சூட்டினார். 2016-இல் உத்தராகண்டின் தேவஸ்தலில் 3.6 மீட்டர் தொலைநோக்கி வரும் வரை நாட்டிலேயே பெரியது காவலூரில்தான் இருந்தது. 1988 பிப்ரவரி 17 அன்று ஆர். ராஜமோகன் இங்கிருந்து ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். சென்னை வானாய்வகத்தின் போக்சன் காலத்துக்குப் பிறகு ஒரு நூற்றாண்டு கழித்து இந்தியாவிலிருந்து கண்டுபிடிக்கப்பட்ட அந்தச் சிறுகோளுக்கு ராமானுஜன் என்று பெயர்.

காவலூர் ஒரு நாள் பயணத்தின் நேரத்தையே புரட்டிப் போட்டது. அதற்கு முன் மலை ஏறியவர்களுக்குப் பொழுது சாய்ந்தால் கவலை. ஆய்வகம் சனிக்கிழமை மாலைகளில் பொதுமக்களுக்குக் கதவைத் திறந்ததிலிருந்து, பொழுது சாய்ந்த பிறகுதான் பயணத்தின் முக்கியப் பகுதி என்றாயிற்று. வானம் தெளிவாக இருந்தால் சிறு தொலைநோக்கி ஒன்றில் நிலாவையோ சனியின் வளையத்தையோ காட்டுவார்கள். பெரிய குவிமாடத்துக்குள் தொலைநோக்கியின் உடலைப் பார்க்கலாம். வாணியம்பாடி, திருப்பத்தூர், வேலூர்ப் பள்ளிகள் பேருந்து பிடித்து வந்தன. மலைக்கு வேடிக்கை பார்க்க என்றே வந்த பெருங்கூட்டம் அனேகமாக இதுதான் முதல். ஆலங்காயத்துக் கார் நிறுத்தத்துக்குச் சனிக்கிழமை முக்கியமான நாளானதும் இப்படித்தான்.

இத்தாலியின் அமால்ஃபிக் கடற்கரையில் நடந்ததை இதோடு சேர்த்துப் பார்க்கலாம். அங்கே செங்குத்துப் பாறையைக் குடைந்து 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் சாலை போடும் வரை ஊருக்கு ஊர் போகப் படகும் கோவேறு கழுதைப் பாதையும்தான். சாலை வந்த பின் மீன்பிடி ஊர்கள் விடுதி ஊர்களாயின. 1997-இல் யுனெஸ்கோ அதைப் பாரம்பரியக் களமாக்கியது. தனிக் காரும் ஓட்டுநர்-வழிகாட்டியுமாக ஒரு நாளில் கரையைச் சுற்றிக்காட்டுவது இப்போது அங்கே பெரிய தொழில். பயணிக்காகவே சாலையோரம் எல்லாம் மாறிவிட்டது. ஆலங்காயம் மலைப்பாதையில் அந்த மாற்றம் இன்னும் நடக்கவில்லை. மரத்துக்கும் சந்தனத்துக்கும் தொலைநோக்கிக்கும் போட்ட வழியில் பயணி ஒட்டிக்கொண்டு போகிறார், அவ்வளவே. இது குறை என்று சொல்ல வேண்டியதில்லை.

இப்போதைய பயணத்தின் அமைப்பு எளிமையானது. வாடகைக் காரை நாள் கணக்கிலோ கிலோமீட்டர் கணக்கிலோ பேசுவார்கள். டிரைவர் பேட்டா தனி, மலை ஏறினால் ஹில்ஸ் சார்ஜ் தனி. ஆலங்காயத்தை விட்டதும் காப்புக்காடு, வளைவுகள், பிறகு காவலூர்க் குவிமாடங்களின் வெள்ளை. அதைத் தாண்டிச் சாமைக் கொல்லைகள். ஜமுனாமரத்தூரில் கோமுட்டேரி ஏரியில் படகு. சற்றுத் தள்ளி பீமன் நீர்வீழ்ச்சி. நேரம் இருந்தால் கீழ்சேப்பிளிக் கல்திட்டைகள். மலைமேல் கிடைப்பது தேன், பலா, சீதாப்பழம், சாமையரிசி. ஜமுனாமரத்தூரில் ஆண்டுதோறும் அரசு கோடை விழா நடத்துகிறது. அப்போது மட்டும் மலையில் கூட்டம் நெரியும். பயணம் திருப்பத்தூர் மாவட்டத்தில் தொடங்கித் திருவண்ணாமலை மாவட்டத்துக்குள் போய்த் திரும்புகிறது. 2019 நவம்பரில் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபோது ஆலங்காயம் புதிய திருப்பத்தூர் மாவட்டத்தோடு போயிற்று. எல்லை மாறினால் வனக்கோட்டமும் மாறும், அனுமதி கேட்க வேண்டிய அலுவலகமும் மாறும். இது தெரியாத வெளியூர் ஓட்டுநரால் பயணிக்கு அரை நாள் வீணாகும்.

ஒரு சிக்கலை எந்த வழிகாட்டியாலும் தீர்க்க முடியாது. அருவியில் தண்ணீர் கொட்டுவது மழைக்காலத்தில், குறிப்பாக அக்டோபர் முதல் டிசம்பர் வரை. அப்போது வானத்தில் மேகம். தொலைநோக்கியில் ஒன்றும் தெரியாது. விண்மீன் பார்க்க உகந்தது ஜனவரி முதல் ஏப்ரல் வரை. அப்போது அருவி பாறையாகத்தான் இருக்கும். இரண்டையும் ஒரே நாளில் காட்டுவதாகச் சொல்பவரை நம்ப வேண்டியதில்லை. டிசம்பர் கடைசியில், மழை நின்று தண்ணீர் வற்றாத சில நாள்களில் அதிர்ஷ்டம் இருந்தால் கைகூடும்.

வழிகாட்டிக்குச் சட்டத்தில் இடம் கிடைத்தது ஒரு விபத்துக்குப் பிறகு. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த ஆண்டே தமிழ்நாடு அரசு மலையேற்றத்துக்கு விதிமுறைகள் கொண்டுவந்தது; அனுமதியும் பயிற்சி பெற்ற வழிகாட்டியும் கட்டாயமாயின. 2024 அக்டோபரில் வனத்துறை 14 மாவட்டங்களில் 40 பாதைகளைத் தேர்ந்தெடுத்து இணையவழிப் பதிவோடு மலையேற்றத் திட்டம் தொடங்கியது. மலை ஊர் இளைஞர்களுக்குப் பயிற்சி தந்து வழிகாட்டிகளாக அமர்த்துவது அதன் நல்ல அம்சம். தாத்தா கடுக்காய்ச் சுமையோடு இறங்கிய பாதையில் பேரன் சீருடையோடு ஏறுகிறார், கூலியும் கணக்கில் வருகிறது. ஆனால் கார்ச் சாலையில் சுற்றும் ஒரு நாள் பயணத்துக்கு இந்த ஏற்பாடு பொருந்தாது. அங்கே யார் வேண்டுமானாலும் வழிகாட்டி. நல்லவர் கிடைத்தால் மலை விளங்கும், இல்லாவிட்டால் அருவியும் செல்ஃபியும்தான்.

போக நினைப்பவர்கள் முதலில் காவலூர் ஆய்வகம் எந்த நாளில், எந்த நேரத்தில் பொதுமக்களை அனுமதிக்கிறது என்று கேட்டுக்கொள்ள வேண்டும். ஏற்பாடுகள் அவ்வப்போது மாறும். காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் கால் வைக்கக் கூடாது. சமவெளியிலிருந்தே வழிகாட்டியைக் கூட்டிப் போவதைவிட ஜமுனாமரத்தூரிலோ காவலூரிலோ மலைக்காரர் ஒருவரைக் கேட்டு அழைத்துக்கொள்வது நல்லது. பாதை அவருடையது, கூலியும் அவருக்கே போய்ச் சேரும். கல்திட்டையின் மூடுகல் மேல் ஏறி நிற்காதீர்கள். இரவில் ஆய்வகத்தை நெருங்கும்போது காரின் ஹை பீமை அணைத்துவிடுங்கள். குவிமாடம் திறந்திருக்கும் இரவில் அந்த ஒரு வெளிச்சம் யாரோ ஒருவரின் பல மாத வேலையைக் கெடுக்கப் போதும்.